ஓடை எலியும் அந்துப்பூச்சியும்: குறிப்பேடு தொடங்குபவர்களுக்கு முதல் பயிற்சி

இயற்கைக் குறிப்பேடு எழுத வருகிறவர்கள் எல்லாருக்கும் முதல் பக்கத்தில் ஆவுளியா என்ற கடற்பசுவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அது இல்லையென்றால் பங்குனி ஆமை, அதுவும் இல்லையென்றால் தனுஷ்கோடிப் பக்கம் வந்திறங்கும் பூநாரை. கடற்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும், தப்பில்லை. ஆனால் தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் கூடுகிற குழுவில் ஆவுளியாவைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. காணாததைப் பற்றி எழுதினால் கேட்டதும் படித்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் எது யார் சொன்னது என்று எழுதியவருக்கே தெரியாது.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வேறொரு வேலை கொடுக்கிறேன். மனிதர் கையில் இதுவரை ஒரே ஒரு முறை சிக்கிய ஓர் ஓடை எலி, நம் நெல் மூட்டையிலிருந்து தினமும் பறக்கிற அந்துப்பூச்சி, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் சாயலைப் பார்த்து ஒப்பிட முடியாது, கேள்வி கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ஐந்து ஆறு வாரம் பிடிக்கும். முடித்தவர்கள் பிறகு ஆமையைப் பற்றி எழுதினாலும் ஆவுளியாவைப் பற்றி எழுதினாலும் நம்பி வாசிக்கலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கோடு போடாத நோட்டு ஒன்று. நீல மை, பச்சை மை, பென்சில். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல். கண்ணாடிப் பாட்டில் ஒன்று, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். அதன் வாயைக் கட்ட நெருக்கமாக நெய்த வேட்டித் துணி, ரப்பர் பேண்ட். செலவு அவ்வளவுதான்.

மூன்று விதமாக எழுதுவது எதற்கு என்றால், நீங்களே பார்த்தது நீலத்தில் வரும். இன்னொருவர் பார்த்துப் பதிந்து வைத்தது பச்சையில். உறவினத்தைப் பார்த்து ஊகித்தது பென்சிலில். யாருக்கும் தெரியாததற்கு எதுவும் எழுதாமல் இடம் விடுங்கள். இந்த ஒரு விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். மற்றதெல்லாம் அவரவர் வசதி.

முதலில் பெயர்

இடப்பக்கத்து உயிரின் அறிவியல் பெயர் நைலோபெகாமிஸ் பிளம்பியஸ். தமிழில் அதற்குப் பெயர் கிடையாது, நாங்கள் ஓடை எலி என்று சொல்லிக்கொள்கிறோம். பெயரைப் பிரித்தால் நைல், ஊற்று, எலி என்று மூன்று சொல் வரும். கடைசிச் சொல் ஈய நிறத்தைக் குறிக்கிறது. எத்தியோப்பியாவின் வடமேற்கு மலைநாட்டில், நீல நைலுக்குத் தண்ணீர் கொடுக்கிற சிறிய அபாய் ஆறு ஊற்றெடுக்கும் இடத்துக்கு அருகில், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் 1927இல் அது பிடிபட்டது. சிக்காகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகமும் சிக்காகோ டெய்லி நியூஸ் பத்திரிகையும் சேர்ந்து அனுப்பிய பயணக் குழு அது. குழுவில் இருந்த வில்ஃபிரட் ஆஸ்குட் 1928இல் அதற்குப் பெயர் வைத்தார். இது எல்லாம் பச்சை மை.

வலப்பக்கத்தில் நெல் அந்துப்பூச்சி, சிட்டோட்ரோகா சீரியலெல்லா. பெயரில் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். நம் வீடுகளில் தானியத்தில் பறக்கிற எதையும் அந்து என்றே சொல்லிவிடுகிறோம். அரிசியிலும் ரவையிலும் நூல் கட்டி, கட்டி கட்டியாகப் பிசைந்தது போல ஆக்குகிறதே, அது வேறு பூச்சி. அரிசி அந்துப்பூச்சி, கார்சிரா என்பார்கள். அளவில் கொஞ்சம் பெரியது, சாம்பல் கலந்த பழுப்பு. நமக்கு வேண்டியது நூல் கட்டாதது, வைக்கோல் நிறத்தில் இருப்பது. சந்தேகம் வந்தால் பின்னிறக்கையைப் பாருங்கள். அதன் நுனி விரலை நீட்டியது போலக் கூர்ந்து போயிருக்கும், ஓரத்தில் நீளமான மயிர்க்குஞ்சம் தொங்கும். ஒரு தடவை லென்ஸில் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் மறக்காது.

விட்டில் என்றும் எழுதாதீர்கள். விளக்கைச் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் உண்டு, குறிப்பேட்டில் அது எதையும் அடையாளம் காட்டாது.

பாட்டிலை ஆரம்பிப்பது

தொடங்க நல்ல காலம் மாசி, பங்குனி. மானாவாரி நெல் தையில் அறுத்து வீட்டுக்கு வந்திருக்கும், வெயிலும் ஏற ஆரம்பித்திருக்கும். மூட்டையின் மேல்பரப்பிலிருந்து இரண்டு கைப்பிடி நெல் எடுங்கள். அடியிலிருந்து எடுத்தால் பலன் குறைவு, ஏனென்றால் இந்தப் பூச்சியால் நெல்லுக்குள் ஆழமாகப் புக முடியாது. மேலேதான் முட்டையிடும். கதிர் முற்றும்போதே வயலில் முட்டையிட்டு வீட்டுக்குள் வருவதும் உண்டு. ‘மூட்டையைத் திறக்கவே இல்லையே, அந்து எப்படி வந்தது’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பாட்டிலில் கால்பங்கு நெல் போட்டு, துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, நிழலில் வையுங்கள். விதைநெல் இருக்கிற அறையில் வைக்கவே கூடாது. முதல் தடவை நான் துணி கட்டாமல், தகர மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, குதிருக்குப் பக்கத்து மாடக்குழியில் வைத்தேன். சித்திரை பிறப்பதற்குள் அப்பத்தா எடுத்து வைத்திருந்த விதைநெல்லில் அந்து விழுந்துவிட்டது. “விதநெல்லுக்குப் பக்கத்துல வச்சு அந்துவ வளக்கலாமாத்தா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் விதைக்குப் பக்கத்து வீட்டில் கைநீட்ட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

இனி தினமும் ஒரே நேரத்தில், காலையில் ஐந்து நிமிடம் பாருங்கள். பார்க்க நிறைய இருக்கிறது.

முட்டை முதலில் வெள்ளையாக இருக்கும், ஓரிரு நாளில் சிவப்பேறும். லென்ஸ் இல்லாமல் தெரியாது. நான்கைந்து நாளில் புழு வெளிவந்து, உமியின் இரண்டு ஓடும் சேரும் இடத்தில் விலகல் தேடும். உமி இறுக மூடிய நெல்லில் அது நுழையத் திணறும். ஒரே மூட்டையில் சில மணி கெட்டு, பக்கத்து மணி பழுதில்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். நுழைந்த பிறகு மூன்று வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நெல்மணிதான் அதற்கு வீடு, அதுவே சோறு. இந்தச் சமயத்தில் பிள்ளைகள் சலித்துப் போய் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதச் சொல்லுங்கள், தேதி போட்டு. நீல மையில் அதுவும் ஒரு பதிவு.

நான்காவது வாரம் வந்ததும் நெல்லை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில மணிகளில் வட்டமாக ஓர் இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். கூட்டுப்புழுவாகும் முன்னரே புழு உள்ளேயிருந்து சுரண்டி, மேல்தோலை மட்டும் விட்டு வைத்த கதவு அது. பூச்சிக்குக் கடிக்கும் வாய் கிடையாது. புழு முன்கூட்டியே கதவு செய்து வைக்காவிட்டால் பூச்சி உள்ளேயே செத்துப் போகும். போன வருடம் எங்கள் குழுவில் ஏழாவது படிக்கும் ஒரு பெண், அந்தக் கதவு திறக்கும் நேரத்தைப் பார்த்தே தீருவது என்று டார்ச் வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தாள். இரண்டாம் இரவு வட்டத் தோல் ஒரு பக்கமாக நிமிர்ந்து, முதலில் தலையும் மேலே வளைந்த இரண்டு உதட்டு உணரிகளும் வந்தன. பிறகு ஈரத்தோடு சுருங்கிய இறக்கை வந்தது. இறக்கை விரிந்து காய்வதற்குள் அவள் மூன்று படம் வரைந்துவிட்டாள். அமர்ந்திருக்கையில் அது பக்கத்திலிருந்த நெல்மணியின் நீளம்தான் இருந்தது. விரித்தால் முனைக்கு முனை 11 முதல் 16 மில்லிமீட்டர் வரை வரும்.

முட்டையிலிருந்து பறக்கும் வரை நம் வெயிலுக்குச் சுமார் ஐந்து வாரம். பறக்கும் பூச்சி நெல்லைத் தின்பதில்லை, தின்று முடித்தது புழு. பூச்சிக்கு ஆயுள் ஒன்றிரண்டு வாரம்.

பார்க்க முடியாததை எழுதுவது

பாட்டிலில் ஒன்றும் தெரியாத அந்த மூன்று வாரத்தில் இடப்பக்கத்தை நிரப்பச் சொல்வேன். அங்கே நீல மைக்கு வேலையே இல்லை. என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. அந்த எலியை உயிரோடு பார்த்தவர்கள் 1927இல் இருந்தவர்களோடு சரி. பின்னால் போய்த் தேடியும் இரண்டாவது எலி கிடைக்கவில்லை. அந்த ஓடைக்கரைகளை மேய்ச்சலும் உழவும் வெகுவாக மாற்றிவிட்டன. இருப்பது ஒரு தோல், ஒரு மண்டையோடு.

ஒரு தோலையும் மண்டையோட்டையும் வைத்து எவ்வளவு சொல்ல முடியும் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நிறம் சொல்லலாம், பல் சொல்லலாம், பாதத்தின் அளவு சொல்லலாம். மண்டையோட்டின் உள்ளளவை எடுத்தால் மூளை எவ்வளவு பெரியது என்று தெரியும். உடம்போடு ஒப்பிட்டால் இந்த எலிக்கு மூளை பெரிது என்று கண்டிருக்கிறார்கள். பழைய மாதிரியிலிருந்தே மரபணுவும் எடுக்கலாம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி எடுத்து ஒப்பிட்டு, ஆப்பிரிக்காவின் கொலோமிஸ் என்ற நீர் எலிகளுக்கு இது மிக நெருங்கிய உறவு என்று உறுதி செய்தார்கள். அதே ஆய்வில் கொலோமிஸ் வகையிலேயே இரண்டு புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கு காங்கோவின் முதல் பிரதமர் பத்ரீஸ் லுமும்பாவின் பெயர். இதுவரை பச்சை மை.

பென்சிலுக்கு வேலை இனிமேல். கொலோமிஸ் எலிகளின் பின்னங்கால் பாதம் மிக நீளம். நம் உப்பளத்துத் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான் நிற்குமே, அதுபோல ஆழமில்லாத ஓடையில் பொய்க்கால் வைத்த மாதிரி நின்று, மீசை மயிரை நீர்ப்பரப்பில் படியவிட்டு, தண்ணீருக்குள் நெளியும் பூச்சிப் புழுவின் அசைவை உணர்ந்து பிடிக்கும். இரவில் இரை தேடும். ரோமத்தில் தண்ணீர் ஒட்டாது. உறவினம் இப்படி வாழ்கிறது, ஆகவே ஓடை எலியும் இப்படி வாழ்ந்திருக்கலாம். இந்த ‘ஆகவே’ வருகிற வரியெல்லாம் பென்சில்தான். எத்தனை குட்டி போடும், எந்த மாதத்தில் போடும், வளை எங்கே தோண்டும், எத்தனை வருடம் வாழும் என்பதற்கெல்லாம் இடம் விட்டு வையுங்கள்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். வெற்றிடம் கண்ணை உறுத்துகிறதே என்று நம் வீட்டு எலியின் கணக்கை எடுத்து அங்கே போட்டுவிடுவார்கள். போடாதீர்கள்.

‘அரிது’ என்ற சொல்லைப் பிரித்தல்

இரண்டு பக்கமும் ஓரளவு நிறைந்ததும் நடுவில் ஒரு தாளை ஒட்டி, ஒரே கேள்வியை இரண்டு உயிரிடமும் கேளுங்கள். எத்தனை கிடைத்திருக்கிறது? எவ்வளவு பரப்பில்? எத்தனை பேர் தேடினார்கள்? தேடினால் எளிதில் அகப்படுமா? இந்த நான்கையும் தனித்தனியாக எழுதினால்தான் ‘அரிது’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை சங்கதி ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

இரவில் நடமாடி, குளிர்ந்த மலையோடையின் ஓரத்தை விட்டு நகராத ஓர் எலியை, கரையில் பொறி வைத்துப் பிடிப்பது கடினம். ஆகவே அது குறைவாகக் கிடைத்ததற்குக் குறைவாக இருந்தது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இடமே சிதைந்துபோன பிறகு தேடியும் கிடைக்காதது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் எழுதக் கூடாது.

அந்துப்பூச்சி பக்கம் எதிர்மாறு. தேட வேண்டாம், தானே வரும். ஆனால் அது எங்கும் நிறைந்திருக்கிறது என்பதும் பாதிதான் சரி. எங்கள் பிள்ளைகள் முந்தல் மணலிலும் காரங்காட்டு அலையாத்திக் காட்டு ஓரத்திலும் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். வேறு பூச்சிகள் வந்தன, நெல் அந்து ஒன்றுகூட வரவில்லை. மனிதர் தானியம் குவித்து வைக்கிற இடத்தில்தான் அது பெருகும். மூட்டையோடு கப்பலேறித்தான் உலகமெங்கும் போனது. பிரான்சில் அங்குமுவா என்ற பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் அது தானியத்தை அழித்தபோது, துஹமெல் துய் மொன்சோ, தியே என்ற இரண்டு அறிஞர்கள் அதை ஆராய்ந்து 1762இல் எழுதினார்கள். தானியத்தைச் சூடேற்றினால் புழு சாகும் என்பது அவர்கள் சொன்ன வழி. அந்தப் பூச்சிக்கு ஆங்கிலப் பெயரில் அந்த ஊர்ப்பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் அப்பத்தாக்கள் சித்திரை வெயிலில் களத்தில் நெல்லைப் பரப்பி, சுடச்சுடக் காயவிட்டு, பிறகு ஆறவிட்டு, நொச்சி இலையும் வேப்பிலையும் இடையிடையே போட்டு மூட்டை கட்டுவதும் அதே அறிவுதான்.

நடுத்தாளில் என் பிள்ளைகள் எல்லாரும் கடைசியில் வந்து சேருகிற வரி ஒன்று உண்டு. ஓர் உயிர் பெருகியதற்கும் ஓர் உயிர் அருகியதற்கும் காரணத்தைத் தேடினால், இரண்டு பக்கத்திலும் உழவர் வருகிறார். இங்கே குதிர், அங்கே ஓடைக்கரை மேய்ச்சல். உழவர்மேல் குற்றம் சொல்ல இதை எழுதச் சொல்லவில்லை, எங்கள் வீடுகளும் நெல்லை நம்பித்தான் இருக்கின்றன. காரணம் தெரிந்தால் எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளியே போகும்போது

இந்தப் பயிற்சி முடித்தவர்களுக்குக் கண்மாயில் எலி நீந்துவது கண்ணில் பட ஆரம்பிக்கும். உடனே ‘நீர் எலி’ என்று எழுதத் தோன்றும். நாற்பத்தெட்டு மடை கொண்ட ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயானாலும் சரி, உங்கள் ஊர் ஊருணியானாலும் சரி, நீந்திப் போவது பெரும்பாலும் பெருச்சாளி அல்லது வயலெலியாக இருக்கும். எலிகள் நன்றாக நீந்தும். நீந்துவதால் மட்டும் ஒன்று நீர்வாழ் எலியாகிவிடாது. இரையைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறதா, ரோமம் நனையாமல் உதறிக்கொள்கிறதா, பாதமும் மீசையும் அதற்கேற்ப இருக்கின்றனவா என்று பாருங்கள். பார்த்ததை நீலத்தில் எழுதிவிட்டு, பெயரை மட்டும் பென்சிலில் போடுங்கள்.

செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். காலில் புண்ணோடு கண்மாய்த் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும், மழை முடிந்த கையோடு அபாயம் அதிகம்.

விளக்கும் வெள்ளைத் துணியும் கட்டி மற்ற அந்துப்பூச்சி இனங்களைப் பார்க்க விரும்பினால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் கட்டாதீர்கள், துணியில் எதுவும் உட்காராது. சுவரின் காற்று மறைந்த பக்கத்தில் கட்டுங்கள். 2012 முதல் ஜூலைக் கடைசியில், பல நாட்டினரும் அந்துப்பூச்சிகளைப் பார்த்துப் பதிவதற்காக நடக்கும் அந்துப்பூச்சி வாரத்துக்கும் நம் கரையில் இதுதான் வழி. தை முதல் சித்திரை வரை கடலைப் பார்த்து விளக்கு வைக்கவே வேண்டாம். அது பங்குனி ஆமைகள் கரையேறும் காலம், பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். அங்கே பெயர் சொல்லித் திருத்த ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் ஏற்றாத சாதாரணப் பூச்சியையும் இடம், தேதியோடு ஏற்றுங்கள். உங்கள் ஊர்ப்பெயரில் அந்தப் பூச்சிக்கு அதுதான் முதல் பதிவாக இருக்கலாம்.

பாட்டிலை முடிப்பது

ஆறாவது வாரம் துணியை அவிழ்க்கும் முன் பாட்டிலை நாள் முழுக்க மொட்டை வெயிலில் வையுங்கள். சூட்டில் உள்ளே இருப்பவை செத்துவிடும். பிறகு நெல்லைத் தட்டில் கொட்டி, ஓட்டை விழுந்த மணிகளை எண்ணுங்கள், செத்த பூச்சிகளையும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப் போகாது, பூச்சிகள் நொறுங்கியிருக்கும். ஒத்துப் போகாததையே எழுதுங்கள். அந்தப் பெண்ணின் நோட்டில் வலப்பக்கம் ‘ஓட்டை 63, பூச்சி 58’ என்று நீலத்தில் இருக்கிறது. அதற்கு நேரே இடப்பக்கம் பச்சையில் ‘1’ என்று மட்டும். நெல்லைக் கோழிக்குப் போட்டுவிட்டு, பாட்டிலைக் கொதிநீரில் கழுவி, குதிரிலிருந்து தள்ளி வையுங்கள்.